புகை வேட்கை: ஒரு வரலாற்று நோக்கு

ஒன்றைப் பழகுவது மனிதனுக்கு எளிது. பழகியதை விடுவதே அரிது. புகைப்பழக்கத்தை விட்டொழிப்பதாக உறுதி பூண்டு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீண்டும் வெண்சுருட்டைக் கையில் எடுத்தவர்களை நாம் அறிவோம். 'மன உறுதி அற்றவர்' என்று சுற்றத்தார் அவர்களைப் பழிக்கின்றனர். அவர்களும் தம்மைத் தாமே அவ்வாறு நொந்துகொள்கின்றனர். இந்தப் பழி முறையானதுதானா? வரலாற்றைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கிறது.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், புகையைப் பற்றி ஏதும் கூறவில்லை. அவர் காலத் தமிழகம் புகையிலையை அறியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசு 1492ஆம் ஆண்டு மேற்கொண்ட கடற்பயணத்திற்குப் பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவியது. அது பரவிய இடமெங்கும் எதிர்ப்பும் எழுந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் தம் நாட்டில் புகைபிடிப்பதைத் தடுத்து ஆணையிட்டார். துருக்கியச் சுல்தான் நான்காம் முராத் 1633இல் மரண தண்டனையையே விதித்தார். ஆயினும் பழக்கம் மறையவில்லை.

ஜஹாங்கீரின் தன்வரலாற்று நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. பாரசீக மன்னர் ஷா அப்பாசும் தம் நாட்டில் புகையிலையைத் தடை செய்திருந்தார். அவருடைய அவைக்கு ஜஹாங்கீர் அனுப்பிய தூதர் கான் ஆலமோ புகையின்றி ஒரு கணமும் இருக்க இயலாதவர். இச்செய்தியை அறிந்த ஷா அப்பாஸ் சினம் கொள்ளவில்லை. கவிதையடிகளால் இசைவான மறுமொழி தந்தார். இரு பேரரசர்களின் தடைக்கும் அடங்காத வேட்கை அது. அதன் மூலம் யாது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

செருமனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் 1828இல் புகையிலையிலிருந்து நிக்கோட்டினைப் பிரித்தெடுத்தனர். ஆனால், புகைப்போரைப் பிணித்து வைத்திருப்பது அப்பொருளே என்று காட்ட மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்காட்லாந்து மருத்துவர் லெனக்ஸ் ஜான்ஸ்டன் தம் உடலிலும் தன்னார்வலர் சிலர் உடலிலும் நிக்கோட்டினை ஊசிவழியே செலுத்தி ஆராய்ந்தார். பலமுறை ஊசி ஏற்ற பின்னர் வெண்சுருட்டைவிட ஊசியே விரும்பப்பட்டது என்று அவர் 1942இல் எழுதினார். மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1964இல் வெளிவந்த அமெரிக்கத் தலைமை மருத்துவரின் புகழ்பெற்ற அறிக்கையும், புகைத்தலை வெறும் பழக்கம் என்றே வகைப்படுத்தியது. அது அடிமைப்படுத்தும் இயல்பினது என்று அதே பதவியினர் அறிவித்தது 1988இல்தான்.

இதற்கிடையில் சுவீடன் நாட்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க இயலாத நிலையில், மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கி மென்று அமைதியாகப் பணிபுரிவதை லுண்ட் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். வேட்கை கேட்பது புகையை அன்று, நிக்கோட்டினையே என்பது இதனால் புலனாயிற்று. 1967இல் அவர் இதைத் தம் நண்பர் ஊவே பெர்னோவுக்கு எழுதினார். ஹெல்சிங்போரி நகரில் லியோ என்னும் மருந்து நிறுவனத்தில் ஆய்வுத் தலைவராக இருந்த பெர்னோ, தாமே பெரும் புகைப்பாளர். விட முயன்று அல்லற்பட்டவர்.

நிக்கோட்டினை விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஆகவே பெர்னோ அதனைப் பிசினோடு பிணைத்து, மெல்ல மெல்லச் சிறிது சிறிதாக வெளிப்பட்டு வாயின் உட்தோல் வழியே குருதியில் கலக்குமாறு சூயிங்கம் ஒன்றை உருவாக்கினார். அதுவே நிக்கோரெட். 1978இல் சுவிட்சர்லாந்தும், 1980இல் பிரிட்டனும், 1984இல் அமெரிக்காவும் அதனை மருந்தாக ஏற்றன. 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் மாற்று மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இம்மருந்துகள், விட முயல்வோர் வெற்றி பெறும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்துகின்றன என்று பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியுள்ளன. 1992இல் சூயிங்கத்திற்குத் தடை விதித்த சிங்கப்பூரும், 2004இல் மருத்துவப் பயனுடைய வகைகளுக்கு விலக்களித்தது. நிக்கோட்டின் சூயிங்கமும் அவ்விலக்கில் அடங்கியது.

முதல் நாள்களின் துன்பத்திற்கான காரணத்தையும் இன்று அறிவோம். உள்ளிழுத்த புகையின் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியில் பாதியாகக் குறைகிறது. அதற்குப் பழகிய மூளை உடனே மீண்டும் கேட்கிறது. எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல், மிகு பசி ஆகியவை அக்கேள்வியின் வடிவங்களே. முதல் சில நாள்களில் இவை உச்சத்தை எட்டுகின்றன. பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. ஒவ்வொரு வேட்கையும் அலை போன்றது. எழுந்து, சில நிமிடங்கள் நின்று, தானே அடங்கும். அந்நிமிடங்களை ஒரு குவளை நீரோ, சிறு நடையோ, நண்பரோடு ஓர் உரையாடலோ கடத்திவிடும்.

வேட்கையை எழுப்புவதில் இடத்திற்கும் பங்குண்டு. உணவுக்குப் பின் ஒரு வெண்சுருட்டு, தேநீரோடு ஒன்று எனப் பழகியவருக்கு அந்த மேசையே நினைவூட்டும். சிங்கப்பூர் 1970இல் திரையரங்குகளிலும் பேருந்துகளிலும் புகைத்தலைத் தடுத்தது. மலேசியா 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு உணவகங்களில் தடுத்தது. பிறர் மூச்சைக் காப்பதற்காகப் பிறந்த இச்சட்டங்கள், விட முயல்வோரின் கண்முன்னிருந்து தூண்டுதலையும் அகற்றின. நம் நாட்டு அரசு சுகாதார நிலையங்களிலும் புகை நிறுத்த ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. அவற்றை நாடுவதில் வெட்கத்திற்கு இடமில்லை.

தண்டனைக்கு அடங்காத வேட்கை, அறிவுக்குச் சிறிது சிறிதாக இடம் கொடுத்தது என்பதே இந்நானூறு ஆண்டு வரலாறு உணர்த்தும் உண்மை. ஒருமுறை விட முயன்று தவறியவர் உறுதியற்றவர் அல்லர். தம் உடலின் கோரிக்கையோடு துணையின்றித் தனித்துப் போராடியவர். மறுமுறை அவர் முயலும்போது, மருந்தும் அறிவுரையும் பெற்றுத் தொடங்கட்டும். வீட்டாரும் நண்பர்களும் பழிச்சொல்லை விடுத்து, வேட்கை எழும் அச்சில நிமிடங்களில் அவரோடு உடன் இருப்பார்களாக.