ஆன்டெனா: பாய்மரத்திலிருந்து கைபேசிக்கு

லத்தீனில் 'ஆன்டெனா' என்றால் கப்பல் பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அந்தக் கழி என்ற பொருளும் உண்டு. அதனால் 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை லத்தீனில் பெயர்த்த தியோடர் காசா, பூச்சியின் உணர்கொம்புக்கும் அந்தப் பெயரையே வைத்தார். இத்தாலியில் அது கம்பத்தையும் குறித்தது. மார்க்கோனி கம்பம் நட்டுக் கம்பியை உயர்த்தியபோது சொல் வானொலிக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் அலைவாங்கி என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. ஆன்டெனா அலையை அனுப்பவும் செய்கிறதே!

ஒன்றுக்குப் பதில் பல ஆன்டெனாக்களை அனுப்பும் முனை, வாங்கும் முனை இரண்டிலும் வைத்தால்? பொள்ளாச்சியில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் இதற்கு 1994இல் காப்புரிமை பெற்றார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு தகவல் ஓடைகள். சுவரிலும் கட்டடத்திலும் மோதிச் சிதறும் அலைகள் அதுவரை தொல்லையாகவே இருந்தன. இந்த முறையில் அந்தச் சிதறலே துணை: ஒவ்வோர் ஓடையும் ஒவ்வோர் ஆன்டெனாவையும் வேறு வேறு விதமாக எட்டுவதால், வாங்கும் முனை கணக்குப் போட்டு அவற்றைப் பிரித்தெடுக்கிறது.

இந்த முறையின் பெயர் 'மைமோ'; 'பல உள்ளீடு, பல வெளியீடு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அது. இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை மூன்றிலும் மைமோ இருக்கிறது. 2014இல் பால்ராஜுக்குக் கிடைத்தது மார்க்கோனி பரிசு.