ஒரு மோட்டார், ஐந்து வேலைகள், ஒரு தீர்ப்பு

தச்சுத் தொழிலில் கருவிக்கும் வேலைக்கும் நெடுங்காலமாக ஓர் ஒழுங்கு இருந்துவந்தது. இழைப்புளி இழைக்கும், உளி செதுக்கும், வாள் அறுக்கும். மின்சாரம் பட்டறைக்குள் நுழைந்தபோதும் இவ்வொழுங்கு குலையவில்லை. அறுப்பதற்கு ஓர் இயந்திரம், கடைவதற்கு ஓர் இயந்திரம் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மோட்டாரையும் ஓர் இடத்தையும் கேட்டது. பெரிய பட்டறைகளுக்கு அது இயலும். வீட்டின் ஒரு மூலையில் தச்சு பழகுபவருக்கு இயலாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் இத்தகையோர் பெருகினர். போரிலிருந்து திரும்பியோர்க்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கடனுக்கு வழிசெய்திருந்தது. புதுவீட்டின் நிலவறையும் கார் நிறுத்தும் கொட்டகையும் ஓய்வுநேரப் பட்டறைகளாயின. ஜெர்மனியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், இவர்களை எண்ணியே 1940களின் பிற்பகுதியில் ஷாப்ஸ்மித் என்னும் இயந்திரத்தை உருவாக்கினார். மான்ட்கோமரி வார்ட் கடைகளின் வழியே அது பரவியது. 1953இல் அதன் மேம்பட்ட வடிவமான 'மார்க் 5' வந்தது.

அதன் அமைப்பு எளிய தர்க்கம் கொண்டது. இணையாகக் கிடக்கும் இரண்டு எஃகுக் குழாய்கள். அவற்றின்மேல் நகரும் தலைப்பெட்டிக்குள் ஒரே மோட்டார், ஒரே சுழல்தண்டு. தண்டில் வட்டவாளைப் பூட்டினால் அறுப்பு மேசை. உப்புத்தாள் ஒட்டிய தட்டைப் பூட்டினால் தேய்ப்பு இயந்திரம். மறுமுனையில் வால்தாங்கியை நிறுத்தி இரண்டுக்கும் இடையே மரத்தைச் செருகினால் கடைசல் இயந்திரம். துளையிடும் அலகைப் பொருத்தினால் படுக்கைவாட்டில் துளையிடலாம். குழாய்களையே நிமிர்த்தி நிறுத்திவிட்டால் செங்குத்தாகவும் துளையிடலாம். ஐந்து இயந்திரங்களின் வேலை, ஓர் இயந்திரத்தின் இடத்தில்.

இந்தச் சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. தனி அறுப்பு மேசையை ஒருமுறை சீர்செய்தால் நெடுநாள் அப்படியே நிற்கும். பல்பணி இயந்திரத்திலோ ஒவ்வொரு மாற்றத்திலும் சில பூட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கியாக வேண்டும். அனுபவமுள்ளோர் வேலையையே அதற்கேற்ப வகுத்துக்கொள்வர்: எல்லாத் துண்டுகளையும் முதலில் அறுத்துவிட்டு, பின் துளையிட்டு, இறுதியில் தேய்ப்பர். மாற்றியமைத்ததும் மேசையின் பள்ளத்திற்கு வாள் இணையாக இருக்கிறதா என்று பார்ப்பர். வாளின் ஒரே பல்லை முன்னும் பின்னும் நிறுத்தி அளந்தால் பிசகு தெரிந்துவிடும்.

பராமரிப்பும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. குழாய்களுக்கு எண்ணெய் இட்டால் மரத்தூள் அப்பிக்கொள்ளும். மெழுகு தேய்த்தால் தலைப்பெட்டி வழுக்கி நகரும். வேகத்தை மாற்றுவது, விரிந்தும் சுருங்கியும் பட்டையைத் தாங்கும் கூம்புச் சக்கரங்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, அவற்றின் இடுக்கில் சேரும் தூளை ஊதியகற்றி, தண்டில் ஓரிரு துளி எண்ணெய் விடவேண்டும். மோட்டார் ஓடும்போதுதான் வேகக் குமிழைத் திருகலாம். நின்றிருக்கையில் வலிந்து திருகினால் உள்ளமைப்பு கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிர்வு திருகுகளைத் தளர்த்தும் என்பதை மறவாமல் பூட்டுகளைச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் திருகின் அளவே போதாததாக இருந்தால்? உரிமையாளரின் கவனம் அங்கே என்ன செய்யும்? இக்கேள்வியே ஷாப்ஸ்மித்தைச் சட்ட வரலாற்றில் நிறுத்தியது.

வில்லியம் கிரீன்மேன் என்பவருக்கு 1955ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவருடைய மனைவி ஒரு ஷாப்ஸ்மித்தைப் பரிசளித்தார். 1957இல் கடைசலுக்குரிய துணைப்பாகங்களை வாங்கி, ஒரு பெரிய மரத்துண்டைக் கிண்ணமாகக் கடையத் தொடங்கினார் அவர். பலமுறை இடையூறின்றி ஓடிய இயந்திரத்திலிருந்து அம்மரம் திடீரெனத் தெறித்து அவர் நெற்றியைத் தாக்கியது. பாகங்களைப் பிணைத்த திருகுகள் போதாதவை என்றும், இயல்பான அதிர்விலேயே வால்தாங்கி மரத்தைவிட்டு விலகியது என்றும், இதனினும் உறுதியாகப் பூட்டும் வழிகள் இருந்தன என்றும் வல்லுநர்கள் சாட்சியளித்தனர். பூட்டுகள் நிலைமாறாமல் பிடித்துநிற்கும் என்று பெருமை பேசியது இயந்திரத்தின் விளம்பர ஏடு. நடுவர் குழு 65,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

யூபா பவர் ப்ராடக்ட்ஸ் என்ற உற்பத்தி நிறுவனம் மேல்முறையீடு செய்தது. காயம்பட்டவர் உத்தரவாத மீறலைப் பத்தரை மாதம் கழித்தே தெரிவித்தார், அது காலந்தாழ்ந்தது என்பது அதன் வாதம். 1963 ஜனவரியில் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோஜர் டிரெய்னர், வணிகர்களுக்கிடையே பொருந்தும் அறிவிப்பு விதியை, உற்பத்தியாளரோடு நேரில் பேரமே பேசாத ஒருவர்மேல் சுமத்தலாகாது என்றார். மேலும் ஒருபடி சென்றார்: குறை இருக்கிறதா என்று சோதிக்கப்படாமலே பயன்படுத்தப்படும் என்று அறிந்து ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புபவர், அதன் குறையால் மனிதருக்குக் காயம் நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டும். அவருடைய அலட்சியத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை. விளம்பர ஏட்டை நம்பித்தான் வாங்கினாரா என்ற ஆராய்ச்சியும் தேவையில்லை. 1944இல் ஒரு குளிர்பானப் புட்டி வெடித்த வழக்கில் தனிக்குரலாக டிரெய்னர் எழுதிய கருத்து, இப்போது நீதிமன்றத்தின் குரலாயிற்று. அமெரிக்காவில் கண்டிப்பான பொருள்வழிப் பொறுப்பு என்னும் கோட்பாடு இங்கிருந்து விரிந்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருள்வழிப் பொறுப்புக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது.

1960களில் நின்றுபோன ஷாப்ஸ்மித்தின் உற்பத்தியை 1970களில் ஜான் ஃபோல்கர்த் ஒஹையோவில் மீட்டெடுத்தார். பழைய இயந்திரங்கள் பலவும் மெழுகும் எண்ணெயும் பெற்று இன்றும் ஓடுகின்றன.

'கருவியைப் பேணத் தெரியாதவன் கருவியைக் குறைசொல்லக்கூடாது' என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அதில் பாதி உண்மை. இறுக்கவேண்டிய பூட்டை இறுக்குவது பயன்படுத்துபவரின் கடமைதான். இறுக்கிய பூட்டு நிற்கவேண்டும் என்பது செய்தவரின் கடமை. இவ்விரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்க முடியாதென்பதைச் சட்டம் கற்றுக்கொண்டது, ஓய்வுநேரத்தில் ஒருவர் கடைந்த மரக்கிண்ணத்திலிருந்துதான்.