டெஸ்க்டாப் கணினி: அசெம்பிள் செய்வதா, பிராண்டட் வாங்குவதா? பழையதை எப்போது மாற்றுவது?

புதுடெல்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் வரை மட்டுமே என அது அறிவித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது என்ற அறிவிப்பைத் திரையில் கண்ட பலர், புதிய டெஸ்க்டாப்புக்கு விலை கேட்கத் தொடங்கியுள்ளனர். அசெம்பிள் செய்வதா, பிராண்டட் வாங்குவதா என்ற பழைய கேள்வியும் அதனுடன் மீண்டும் எழுந்துள்ளது.

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு எனக் கணினிப் பாகங்களுக்கான சந்தைகள் பெருநகரங்களில் உண்டு. அங்கு செல்வோர் பெரும்பாலும் கேட்பது இன்றைய விலையை. கேட்க வேண்டியதோ, ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தக் கணினியில் எந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியும் என்பதை.

மதர்போர்டு சொல்லும் கதை

ஒரே ஆண்டில் வாங்கப்பட்ட இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் தலைமுறை ரைசன் பிராசசர், ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டில் வந்தது. அந்தப் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எனினும், அதே மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் செய்து, 2020-இல் வெளியான ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் பொருத்தலாம். ஒரேயொரு பாகத்தை மாற்றியதும் அந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடுகிறது.

அதே ஆண்டில் இன்டெலின் 7-ஆம் தலைமுறைப் பிராசசருடன் கணினி வாங்கியவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. சில மாதங்களில் வெளியான 8-ஆம் தலைமுறைப் பிராசசர் அதே 1151 பின்கள் கொண்ட சாக்கெட்டில்தான் வந்தது. ஆனால் இன்டெல் அதற்குப் புதிய சிப்செட் கொண்ட மதர்போர்டைக் கட்டாயமாக்கியது. விண்டோஸ் 11-இன் ஆதரவு பொதுவாகத் தொடங்குவதோ அந்த 8-ஆம் தலைமுறையிலிருந்துதான்.

இதனால் இன்டெல் வாங்கக் கூடாது என்று பொருளில்லை. வாங்கியபின் பிராசசரை ஒருபோதும் மாற்றாதவர்களே அதிகம். அவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. இடையில் மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் சாக்கெட்டின் ஆயுளைப் பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என ஏஎம்டி கூறியுள்ளது. பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே, யுபிஎஸ் இணைப்பு இருக்கும்போது செய்துவிடுவது நல்லது. நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே இயங்காமல் போகலாம்.

பிராண்டட் கணினியின் பலம், பலவீனம்

பிராண்டட் டெஸ்க்டாப்பில் ஒரே பில், ஒரே வாரண்டி, உரிமம் பெற்ற விண்டோஸ் ஆகியவை கிடைக்கின்றன. பல மாடல்களுக்குப் பழுதுபார்ப்பவர் வீட்டுக்கே வருவார். பாகங்கள் விற்கும் கடைகள் இல்லாத சிற்றூர்களில் இது சிறிய வசதியல்ல. கணக்கெழுதுதல், இணையம், குழந்தைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் கணினி தேவைப்படுவோர் பிராண்டட் வாங்குவதே நிம்மதி.

பலவீனம் பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். சில நிறுவனங்கள் தங்களுக்கே உரிய வடிவில் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கேபினட் ஆகியவற்றை அமைக்கின்றன. கடையில் கிடைக்கும் வழக்கமான எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. பின்னாளில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தால் அதற்குரிய மின் இணைப்பும் இருக்காது. மாணவர் ஒருவர் வீடியோ எடிட்டிங்கோ முப்பரிமாண வடிவமைப்போ கற்கப் போகிறார் என்றால், அவருக்கு அசெம்பிள்டு கணினியே ஏற்றது.

அசெம்பிள் செய்வோர் பெரும்பாலும் சறுக்குவது எஸ்எம்பிஎஸ் விஷயத்தில். பிராசசருக்குச் செலவழித்துவிட்டு, கேபினட்டுடன் சேர்த்துத் தரப்படும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை ஏற்றுக்கொள்வார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் அது பழுதாகும்போது மற்ற பாகங்களையும் உடன் இழுத்துச் செல்லக்கூடும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தோன்றாது. விலை சற்றுக் குறைகிறதே என்று வாங்கி ஏமாறுவோர் உண்டு.

'பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறையும்' என்ற சலுகைப் பேச்சையும் ஏற்க வேண்டாம். அசெம்பிள்டு கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பெட்டியுடன் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். பில் இல்லையெனில் அந்த உரிமையைக் கோருவது கடினம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர்கள் உள்ளீட்டு வரி வரவையும் இழப்பார்கள். கடைக்காரர் 'இலவசமாக' ஏற்றித் தரும் விண்டோஸ் உரிமம் பெற்றதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை?

இத்தனை ஆண்டுகள் என்ற கணக்கு எதுவும் இல்லை. கணினி மந்தமானால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் எனத் தொடர்ந்து காட்டினால், குறை பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்கில். சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், பத்தாண்டு பழைய கணினியும் நிமிடக்கணக்கில் அல்லாமல் நொடிக்கணக்கில் திறக்கும். மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் கூட்ட வேண்டும். டிடிஆர்4 ராம், டிடிஆர்5 மதர்போர்டில் பொருந்தாது என்பதை நினைவில் கொள்க.

ராம் விலை 2025 இறுதியிலிருந்து வெகுவாக ஏறியுள்ளது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரி தயாரிப்பில் நிறுவனங்கள் முனைப்புக் காட்டுவதே காரணம். மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தனது நுகர்வோர் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே, புதிய கணினிக்கான செலவு கூடியிருக்கும் இவ்வேளையில், கையிலுள்ள டிடிஆர்4 கணினியை மேலும் சில ஆண்டுகள் ஓட்ட முடியுமா என்று பார்ப்பது லாபகரமானது.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால், கணினியின் ஆயுள் முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சிமோஸ் பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸ் 11 ஏற்க முடியாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினிகளில் லினக்ஸ் நிறுவலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றுள் ஒன்று. இணையத்துக்கும் ஆவணங்களுக்கும் அது போதும். விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் கடைகளுக்கு ஒத்துவராது.

முற்றிலும் கைவிட நேர்ந்தால், ஹார்ட் டிஸ்கில் உள்ள தகவல்களை முழுமையாக அழித்தபின், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். கேபினட், மானிட்டர், கீபோர்டு ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமான வடிவிலான கேபினட் அடுத்த மதர்போர்டுக்கும் பயன்படும்.