ஹிந்த் என்ற பெயரும் ரூபாய் என்ற பெயரும்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், மஃரிபுக்குப் பிந்திய மதரஸா வகுப்பில் ஜகாத் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தங்கத்தின் நிஸாப் இருபது தீனார், வெள்ளியின் நிஸாப் இருநூறு திர்ஹம் என்று கரும்பலகையில் எழுதினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, “உஸ்தாத், இவை அரபு நாட்டுக் காசுகள்தாமே? நம் காசு ரூபாய். நாம் ஏன் அவர்களுடைய காசில் கணக்குப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டான்.

கேள்வியின் பின்னால் வேறொன்று இருப்பதை அவன் முகம் காட்டியது. விசாரித்தபோது சொன்னான். உடன் படிக்கும் ஒருவன், “உங்கள் பெயரும் வெளிநாட்டுப் பெயர், நீங்கள் சொல்லும் ‘ஹிந்த்’ என்பதும் வெளிநாட்டான் வைத்த பெயர்” என்று கூறிவிட்டானாம். அடுத்திருந்த மாணவன் உடனே குறுக்கிட்டான்: “அவனிடம் சொல்லு, ரூபாயைக் கண்டுபிடித்ததே நாம்தான். ஷேர்ஷா. எங்கள் வாப்பாவின் வாட்ஸப்பில் வந்தது.”

ஒருவன் மனம் நொந்திருந்தான். மற்றவன் பெருமிதத்தில் இருந்தான். இருவர் கையிலும் இருந்தது பாதி உண்மைதான். தீயவர் எவரேனும் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நம்மை நோகடிக்கும் செய்திக்கு இது பொருந்துவதுபோலவே நம்மை மகிழ்விக்கும் செய்திக்கும் பொருந்தும். எனவே அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளைகளோடு நாட்டின் பெயரையும் நாணயத்தின் பெயரையும் விசாரித்தேன். அதன் விரிவே இக்கட்டுரை.

ஆற்றின் பெயர் நாட்டின் பெயரானது

‘சிந்து’ என்பது வடமொழியில் ஆற்றைக் குறிக்கும் சொல். குறிப்பாக வடமேற்கில் ஓடும் பேராற்றின் பெயர். வடமொழியில் ‘ஸ’கரமாக ஒலிப்பது பழம்பாரசீகத்தில் ‘ஹ’கரமாக ஒலிக்கும். ஆகவே சிந்து, பாரசீகர் நாவில் ‘ஹிந்து’ ஆயிற்று. இற்றைக்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸின் கல்வெட்டுகளில் இந்த ஆற்றங்கரை நிலம் ‘ஹிந்துஷ்’ என்று குறிக்கப்படுகிறது. கிரேக்க மொழியில் முதல் ‘ஹ’ ஒலியும் உதிர்ந்து ஆற்றின் பெயர் ‘இந்தோஸ்’ என்றும் நாட்டின் பெயர் ‘இந்தியா’ என்றும் வழங்கின. அரபு மக்கள் இதே பெயரை ‘அல்ஹிந்த்’ என்றனர். அவர்களுடைய புவியியல் நூலார் சிந்து ஆற்றை ஒட்டிய பகுதியை ‘ஸிந்த்’ என்றும், அதற்கு அப்பாலுள்ள பெருநிலத்தை ‘ஹிந்த்’ என்றும் பிரித்து எழுதினர். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்நாட்டின் அறிவியலையும் சமயங்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்து எழுதிய பெருநூல் ‘கிதாபுல் ஹிந்த்’ என்றே அறியப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஹிந்த் என்ற பெயரை முஸ்லிம்கள் உண்டாக்கவில்லை. இஸ்லாம் வருவதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. இந்தியா என்ற பெயரை ஆங்கிலேயர் உண்டாக்கவுமில்லை. அவர்கள் கப்பலேறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் அதை எழுதிவிட்டனர். இவ்விரண்டுக்கும் வேர் நம் ஆற்றின் பெயர். அண்டை வீட்டார் நம்மைத் தம் நாவுக்கு இசைந்தபடி அழைத்தனர்; அவ்வளவே.

உள்ளிருந்து எழுந்த பெயர்களும் உண்டு. ஒடிசாவிலுள்ள ஹாத்திகும்பா குகையில் காரவேல மன்னனின் கல்வெட்டு ‘பாரதவர்ஷம்’ என்னும் பெயரைப் பிராகிருத வடிவில் குறிக்கிறது. தமிழ் இலக்கியமோ இப்பெருநிலத்தை ‘நாவலந்தீவு’ என்றது. 1949 செப்டம்பர் 18 அன்று அரசியல் நிர்ணய சபை நீண்ட விவாதத்திற்குப் பின் இந்தியா, பாரதம் ஆகிய இரு பெயர்களையும் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இணைத்து ஏற்றுக்கொண்டது. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

நம்மிடையே உலவும் ஒரு கூற்றையும் இங்கே திருத்திக்கொள்வோம். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயர் ஹிந்த். ஆகவே அரபு மக்கள் நம் நாட்டின் மீதுள்ள அன்பால் தம் பெண்மக்களுக்கு அப்பெயரை வைத்தனர் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அரபு அகராதியாசிரியர்கள் ஒட்டகப் பெருமந்தைக்கும் அச்சொல்லைப் பொருளாகத் தருகின்றனர். எனவே அப்பெயரை நாட்டோடு முடிச்சிடுவது உறுதியான செய்தியன்று. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக நாம் அதைச் சொல்லலாகாது.

உறுதியாகச் சொல்லத்தக்கவை நம் அடுக்களையிலேயே உள்ளன. புளியை அரபு மொழியில் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்பர்; ஆங்கிலத்தின் ‘டாமரிண்ட்’ அதன் திரிபு. ஹிந்த் நாட்டு எஃகால் ஆன வாளை ‘முஹன்னத்’ என்றனர். சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. அந்த எஃகு அரபு வாளானதா என்று எவரும் சாட்சி கூற முடியாது. ஆனால் ஹிந்த் நாட்டு எஃகின் புகழ் எத்தகைய கைகளால் உண்டாயிற்று என்பதை அந்த உலைகள் காட்டுகின்றன.

வெள்ளலூரில் கிடைத்த தீனாரின் மூதாதை

இனி மாணவனின் முதல் கேள்விக்கு வருவோம். தீனார் அரபுச் சொல்லா?

அன்று. உரோமர்கள் வழங்கிய வெள்ளிக் காசின் பெயர் ‘தினாரியஸ்’. அச்சொல் கிழக்கே வந்து தங்கக் காசுக்குரிய பெயராகி அரபு மொழியில் ‘தீனார்’ ஆயிற்று. ‘திர்ஹம்’ என்பது கிரேக்கரின் ‘திரக்மா’; பாரசீகத்தின் வழியே அரபு மொழிக்கு வந்தது. சில்லறைக் காசான ‘ஃபில்ஸ்’ என்பதும் உரோம உலகின் ‘ஃபோல்லிஸ்’ என்ற செப்புக்காசிலிருந்து வந்ததே. ஆயினும் சூரா ஆலு இம்ரானில் தீனாரும், சூரா யூசுஃபில் திர்ஹமும் இடம்பெறுகின்றன. தெளிவான அரபு மொழியில் அருளப்பட்ட வேதம், மக்கள் கடைவீதியில் வழங்கிய சொல்லை, அது எங்கிருந்து வந்தது என்று விலக்காமல் ஆண்டது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மக்களுக்குத் தனி நாணயச்சாலை இருக்கவில்லை. உரோமரின் தங்கமும் பாரசீகரின் வெள்ளியும் மக்கா, மதீனாவின் சந்தைகளில் நிறுத்துக் கொடுக்கப்பட்டன. ஹிஜ்ரி 77-ஆம் ஆண்டில்தான் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான், உருவங்கள் இன்றி எழுத்துகள் மட்டும் பொறித்த 4.25 கிராம் எடையுள்ள தங்கத் தீனாரை வெளியிட்டார்.

அந்தத் தினாரியஸ் கொங்கு மண்ணுக்கு அந்நியமானதன்று. கோவையை அடுத்த வெள்ளலூரை இன்று நாம் குப்பைக் கிடங்கின் பெயரால் நினைக்கிறோம். அவ்வூரில் 1842-ஆம் ஆண்டு 522 உரோம வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் தினாரியஸ்கள். மேற்குக் கடற்கரையில் இறங்கிய வணிகர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே உள்ளே வந்து, கொங்கின் பச்சைக்கல்லையும் பிற பொருள்களையும் கொண்டுசென்றனர்; காசு இங்கே தங்கியது. வேதம் அருளப்படுவதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே தீனாரின் மூதாதை நொய்யல் கரைக்கு வந்துவிட்டது. வடக்கே குப்தர் காலக் கல்வெட்டுகளும் தங்கக் காசைத் ‘தீனாரம்’ என்றே சொல்கின்றன. இதை நான் கூறியதும் அந்த மாணவன், “வெள்ளலூரிலா உஸ்தாத்? எங்கள் மாமி வீடு அங்கேதான் இருக்கிறது” என்று வியந்தான்.

ரூபாய் யாருடையது?

இனி இரண்டாம் மாணவனின் பெருமிதம். சூரி வம்சத்தின் ஷேர்ஷா 1540 முதல் 1545 வரை ஆண்டார். ஏறத்தாழ 11.5 கிராம் எடையுள்ள தரமான வெள்ளிக் காசை வெளியிட்டு அதற்கு ‘ரூபியா’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். முகலாயர் அதைத் தொடர்ந்தனர்; ஆங்கிலேயரும் அதையே கைக்கொண்டனர். இது உண்மை, இதில் நாம் மகிழலாம்.

ஆனால் சொல்லை அவர் உண்டாக்கவில்லை. ‘ரூப்யம்’ என்பது முத்திரை பொறித்த காசையும் வெள்ளியையும் குறிக்கும் வடமொழிச் சொல். பாணினியின் இலக்கணத்திலேயே அது இடம்பெறுகிறது. ஷேர்ஷா அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு அரபுப் பெயரோ பாரசீகப் பெயரோ சூட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அரபு எழுத்துகள் நிறைந்த அவருடைய காசுகள் பலவற்றில் அவர் பெயர் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டது. காசை வாங்கும் குடிமகன் அதைப் படித்தறிய வேண்டும் என்ற எண்ணத்தை அதில் காண்கிறோம்.

இதற்கு மாறான முயற்சியும் நம் பகுதியிலேயே நடந்தது. கோவை 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. திப்பு சுல்தான் தம் தங்கக் காசுக்கு ‘அஹ்மதி’ என்றும், அதன் பாதிக்கு ‘ஸித்தீக்கி’ என்றும், வராகனுக்கு ‘ஃபாரூக்கி’ என்றும், வெள்ளி ரூபாய்க்கு ‘இமாமி’ என்றும் பெயர் சூட்டினார். சத்தியமங்கலத்திற்கு அவர் இட்ட பெயர் ‘ஸலாமாபாத்’. பக்தியும் பேரன்பும் கலந்த பெயர்கள்தாம். எனினும் அவருடைய ஆட்சியோடு அப்பெயர்களும் மறைந்தன. ஊரார் நாவில் நின்றவை காசும் பணமும் வராகனும் ரூபாயுமே. சந்தையில் வழங்கும் பெயரை அரசாணை எளிதில் மாற்றுவதில்லை.

சென்னை மாகாணத்தில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது பழைய கணக்கு. 1818-இல் அங்கே ரூபாய் நிலைபெற்றது. 1835-இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று முடிந்து, 100 பைசா கணக்கு தொடங்கிற்று. ஆயினும் ‘நாலணா’, ‘எட்டணா’ என்ற பேச்சு அதன் பின்னும் நெடுங்காலம் நம் வீடுகளில் நின்றது.

கடல் கடந்த ரூபாய்

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் துபாயிலிருந்து திர்ஹமும் குவைத்திலிருந்து தீனாரும் ஈட்டி அனுப்புகின்றனர். நம் பாட்டனார் காலத்தில் அங்கே வழங்கியது ரூபாய். 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. ஹஜ் பயணிகளுக்கென்றும் தனித் தாள்கள் அச்சிடப்பட்டன. குவைத் 1961-இல் தன் தீனாருக்கு மாறியது. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது கத்தாரும் துபாயும் அதைக் கைவிட்டன. ஆயினும் ஓமானில் ஒரு ரியாலின் ஆயிரத்தில் ஒரு பங்கு இன்றும் ‘பைஸா’ என்றே வழங்குகிறது. அந்த ‘ரியால்’ என்ற பெயரும் ஸ்பெயின் நாட்டின் ‘ரியல்’ என்ற வெள்ளிக் காசிலிருந்து வந்ததே. இந்தோனேசியாவின் ‘ருப்பியா’வும் மாலத்தீவின் ‘ருஃபியா’வும் நம் ரூபாயின் உறவுகள். நகைக்கடையில் நாம் சொல்லும் ‘பவுன்’ ஆங்கிலேயரின் ‘பவுண்டு’. ‘சவரன்’ அவர்களுடைய தங்கக் காசின் பெயர். மகளின் திருமணத்திற்குப் பவுன் கணக்குப் பேசும்போது அது அந்நியச் சொல் என்று எவரேனும் தயங்குகிறோமா?

பெயரும் எடையும்

கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. இந்தியாவின் ஹனஃபி உலமாக்கள் இருநூறு திர்ஹத்தை ஐம்பத்திரண்டரை தோலா வெள்ளி என்றும், இருபது தீனாரை ஏழரை தோலா தங்கம் என்றும் கணக்கிட்டனர். இன்றைய அளவில் அவை 612.36 கிராம் வெள்ளி, 87.48 கிராம் தங்கம். உரோமரிடமிருந்து வந்த தீனாரும் கிரேக்கரிடமிருந்து வந்த திர்ஹமும் இந்தியத் தோலாவாக மாறி, இன்று கிராம் ஆகிவிட்டன. ஏழைக்குச் சேர வேண்டிய உரிமையோ ஓர் இம்மியும் குறையவில்லை.

இதையே அந்த மாணவனுக்கும் பதிலாகச் சொன்னேன்: “நாம் அரபுக் காசில் ஜகாத் கணக்கிடவில்லை, எடையில் கணக்கிடுகிறோம். எந்த நாட்டுக் காசாயினும் அந்த எடையின் மதிப்பை எட்டினால் கடமை வந்துவிடும். உன் நண்பனிடம் சண்டைக்குப் போகாதே. ஹிந்த் என்பது சிந்து ஆற்றின் பெயர் என்று அன்போடு சொல். ஒரு நாள் அவனையும் அழைத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போ. உரோமக் காசு கிடைத்த ஊரை இருவரும் பாருங்கள்.” வாட்ஸப் செய்தி கொண்டுவந்த பிள்ளையிடம், “ஷேர்ஷாவின் காசில் இரண்டு எழுத்துகள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்” என்றேன்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் இந்த மண்ணில் தலைநிமிர்ந்து நிற்பதற்குப் பொய்யான பெருமை தேவையில்லை; உண்மையே போதுமானது. செய்தியை அனுப்பும் முன் விசாரிப்போம். விசாரித்ததை மறைக்காமல் சொல்வோம். அளவையும் நிறுவையையும் நேர்மையாக நிறைவேற்றுங்கள் என்ற இறைக்கட்டளை, நாம் பேசும் வரலாற்றுக்கும் உரியதே.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் பயனுள்ள கல்வியையும், உண்மை பேசும் நாவையும், அண்டை அயலாரோடு இணங்கி வாழும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.