கொழும்புத்துறையிலிருந்து ஒரு பார்வை: இலங்கையின் மின்மயப் போக்குவரத்துத் திட்டமிடல், 1899–2025

யாழ்ப்பாண மாநகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரிக் கரையில் இருக்கிறது கொழும்புத்துறை. வெளியூரார் இவ்வூரை யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தைக் கொண்டும் ஆசிரிய கலாசாலையைக் கொண்டுமே அறிவர். போக்குவரத்து வரலாற்றில் இதற்கு வேறோர் இடமுண்டு. பூநகரிக்கும் அதற்கப்பால் மன்னார்ப் பக்கத்துக்கும் போகிறவர்கள் வள்ளம் ஏறிய பழைய துறை இது. வண்டிப் பாதையும் புகையிரதமும் ஆனையிறவு வழியே ஊன்றிய பின்னர் பயணிகள் குறைந்தனர்; கடற்றொழில் மட்டும் நிலைத்தது.

இலங்கையில் மின்னால் ஓடும் போக்குவரத்து பற்றிய திட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே கொழும்பில் எழுதப்பட்டவை, கொழும்பைப் பற்றியவை. அந்த வரலாற்றைத் தீவின் மறுமுனையில் உள்ள இந்தத் துறையில் நின்று வாசித்தால் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. வண்டியையும் அதை ஓட்டும் மின்னையும் ஒரே கணக்கேட்டில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் அந்த ஏடு இரண்டாகப் பிரிந்தது. அதன்பின் வந்த திட்டங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயே விழுந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

விளக்கும் ட்ராமும்

கொழும்புக் கோட்டையில் 1895இல் முதல் மின்விளக்கை ஏற்றியவர்கள் பூஸ்ரெட் சகோதரர் நிறுவனத்தினர். நான்கு ஆண்டுகளின் பின், 1899இல், கொழும்புத் தெருக்களில் ட்ராம் ஓடத் தொடங்கியதும் அவர்களாலேயே. 1902இல் இவ்விரு தொழிலும் கொழும்பு மின் ட்ராம் மற்றும் விளக்குக் கம்பெனி என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. இதை வெறும் வணிக ஏற்பாடு என்று தள்ளிவிட முடியாது. விளக்கு இரவில் மட்டும் மின் கேட்கும். பகலில் மின்பிறப்பாக்கி சும்மா கிடந்தால் நட்டம். பகலில் ட்ராமுக்கும் இரவில் விளக்குக்கும் விற்றால்தான் ஒரே இயந்திரத்துக்கு நாள் முழுதும் வேலை இருக்கும். உலகின் பல நகரங்களில் ட்ராமும் மின்விளக்கும் ஒரே முதலாளியின் கையில் பிறந்ததற்கு இதுவே காரணம். இன்று மின் பொறியியலாளர் நீண்ட அறிக்கைகளில் எழுதும் 'சுமைச் சமநிலை' என்ற பாடத்தை அன்றைய கம்பெனிக் கணக்கப்பிள்ளை இலாப நட்டத்தில் படித்திருந்தார்.

1920களின் பிற்பகுதியில் மின்வழங்கல் அரசின் பொறுப்புக்குப் போனது. ட்ராம் கம்பெனியிடமே தங்கியது. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த ட்ராம் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. 1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளம் வேண்டாத, மேலே கம்பி மட்டும் தொட்டு ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. சென்னை அதே 1953இல் தன் ட்ராமை நிறுத்திவிட்டது. கொழும்போ மின்னை விடாமல் வண்டியை மாற்றிப் பார்த்தது. ஆயினும் 1960இல் ட்ராமும் 1964இல் ட்ரொலி பஸ்ஸும் மறைந்தன. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை முழுதும் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்திருந்தது. டீசல் பஸ்ஸுக்குக் கம்பியும் வேண்டியதில்லை, மின் திணைக்களத்தோடு பேச்சும் வேண்டியதில்லை. நிர்வாகிக்கு இதைவிட வசதி ஏது?

இதில் கவனிக்க வேண்டிய காலப் பொருத்தமின்மை ஒன்று உண்டு. நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கு மின் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை வைத்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். மலிவான நீர்மின் கையில் கிடைத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நாட்டில் இருந்த ஒரே மின்போக்குவரத்தும் கழற்றப்பட்டது. மின் வந்தபோது வண்டி போயிற்று.

வடபாதை

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான புகையிரதப் பாதை 1902 மார்ச் 11இல் திறக்கப்பட்டது. கொழும்போடு முழுத் தொடர்பு 1905 ஓகஸ்டில் கிடைத்தது. 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது நீராவி இயந்திரத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்தது டீசல். அதே பத்தாண்டில் மின்மயமாக்கலை ஏன் எடுக்கவில்லை என்று பின்னோக்கிக் கேட்பது எளிது. ஆனால் சென்னையில் 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் பாதை சில நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் புறநகர்ப் பாதை. மேற்கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் ஆகும் செலவு வண்டிகளின் எண்ணிக்கையால் வகுபடுகிறது. வன்னிக் காட்டின் ஊடே நாளுக்குச் சில வண்டிகள் போகும் ஒற்றைப் பாதையில் அந்தக் கணக்கு தேறியிராது.

குடாநாட்டின் மின்னோ வேறு கதை. சுன்னாகத்தின் டீசல் மின்நிலையமும், பின்னர் தெற்கிலிருந்து வந்த 'லக்சபான' மின்னும் அதன் இரு கால்கள். யாழ்ப்பாணத்தார் நீண்ட காலம் மின்சாரத்தையே லக்சபான என்று சொன்னார்கள். வலையமைப்பின் கடைசி முனை என்பதால் தெற்கில் எங்கே கம்பி அறுந்தாலும் முதலில் இருள்வது இங்கேதான்.

கம்பியும் எரிபொருளும் இல்லாத ஆண்டுகள்

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. அம்மாதம் 13ஆம் திகதியோடு யாழ்தேவி நின்றது. பின்னர் மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. போக்குவரத்து ஆய்வாளர் எவரும் விரும்பிச் செய்ய முடியாத ஒரு பரிசோதனை இலட்சக்கணக்கான மக்கள்மீது திணிக்கப்பட்டது: ஒரு முழுக் குடாநாட்டிலிருந்து எரிபொருளையும் மின்னையும் ஒன்றாக எடுத்துவிட்டால் நடமாட்டம் என்னவாகும்?

ஓர் அளவுக்கு அதற்கு விடை கிடைத்தது. சைக்கிள் லொறியாயிற்று. விறகு, நெல், நோயாளி, மாவு மூட்டை எல்லாம் அதில் போயின. மோட்டார் சைக்கிளும் பழைய காரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர்க்காது என்பதால் 'சூப்பி'யில் துளித் துளியாகச் சேமித்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் குடாநாட்டு வீடுகள் பலவற்றில் இருந்த ஒரே மின்பிறப்பாக்கி ஒரு வாகனத்தின் சக்கரத்தில் பூட்டியிருந்தது. ஆனையிறவிலும் பூநகரியிலும் முகாம்கள் இருந்ததால் தரைப்பாதைகள் அடைபட, மக்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தார்கள். பலர் அதில் இறந்தார்கள். பாதை வந்தபின் மறந்துபோன நீர்வழி எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து உயிர்ப்பாதை ஆயிற்று.

இக்காலத்தை ஈழத்து எழுத்து பெரும்பாலும் துயராகவோ தாக்குப்பிடிப்பின் பெருமையாகவோ பதிந்திருக்கிறது. இரண்டும் உண்மை. திட்டமிடல் வரலாற்றுக்கு அதில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: தட்டையான நிலம், குறுகிய தூரம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, சாவகச்சேரி எதுவும் யாழ் நகரிலிருந்து சாலைவழி 40 கிலோமீற்றரைத் தாண்டாது. மேட்டில் ஏறும் இடம் ஒன்றும் இல்லை. மனித வலுவால் இங்கு ஒரு சமூகம் ஆண்டுக்கணக்கில் நடமாட முடிந்ததென்றால், சிறிய பற்றரியால் நடமாடுவது தொழில்நுட்ப ரீதியில் சிரமமே இல்லை. மேற்கம்பிக்கு ஒவ்வாத குடாநாடு பற்றரிக்குப் பொருந்துகிறது.

மீண்ட பாதை

போருக்குப் பின் வடபாதையை இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் புதிதாகவே இட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று வண்டி வந்து சேர்ந்தது. இர்கொன் இந்தியாவில் பாதைகளை மின்மயமாக்கிய அனுபவமும் உடையது. வண்டியே ஓடாத பாதையில் கம்பி கட்டுவது மலிவு. அப்படியொரு வாய்ப்பு இனி வராது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. மேலே சொன்ன வண்டி எண்ணிக்கைக் கணக்கு அப்போதும் மாறவில்லை என்பதே என் கருத்து. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் கிளிநொச்சி–சுன்னாகம் உயரழுத்தக் கம்பி இழுக்கப்பட்டு, குடாநாடு தேசிய வலையமைப்போடு மீண்டும் இணைந்தது. சுன்னாகத்தில் 24 மெகாவாற் 'உத்துரு ஜனனி' எண்ணெய் மின்நிலையம் 2013இல் வந்தது. பாதையும் கம்பியும் ஒரே காட்டின் ஊடே, ஒரே பத்தாண்டில், இரண்டு அமைச்சுகளின் கீழ் வந்தன. ஒன்றின் அறிக்கை மற்றதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எண்ணெய் எரித்து எடுத்த மின்னின் விலையைச் சுன்னாகம் வேறு வழியிலும் கொடுத்தது. கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், தனியார் மின்நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. புகை போகும் இடத்தை மட்டும் மாற்றும் மின்வாகனக் கொள்கை எங்கே போய் முடியும் என்பதற்குக் குடாநாட்டார் தொலைவில் சாட்சி தேட வேண்டியதில்லை.

வரி எழுதிய கொள்கை

தெற்கில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாணந்துறை–வேயாங்கொடைப் புறநகர்ப் பாதையை மின்மயமாக்கும் யோசனை 2010 முதல் மேசைகளில் நகர்ந்துகொண்டிருக்கிறது. யப்பானியக் கடனில் மாலபே–கோட்டை இலகு புகையிரதம், 16 நிலையங்களோடு சுமார் 16 கிலோமீற்றர், 2019இல் கடன் ஒப்பந்தம் வரை வந்து 2020 செப்ரெம்பரில் கைவிடப்பட்டது. மின்கார்களுக்கான உற்பத்தி வரி 5 சதவீதமாக இருந்தபோது நிசான் லீவ் வெள்ளமாக வந்திறங்கிற்று. 2015 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அதை 50 ஆக்கியதும் வெள்ளம் வடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு நிதியமைச்சர் 2040க்குள் நாட்டின் வாகனங்கள் யாவும் எண்ணெயை விட்டுவிடும் என்று அறிவித்தார். 2020இல் வாகன இறக்குமதியே நின்றது. 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திறந்தது. இவற்றில் மின்சார சபையின் நீண்டகாலத் திட்டத்தோடு பிணைத்து எழுதப்பட்ட முடிவு எது என்று தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். ஒரு நாட்டின் மின்வாகன எண்ணிக்கையைத் திறைசேரியின் அந்நியச் செலாவணித் தவிப்பு தீர்மானித்திருக்கிறது.

எதிர்க்கரைக் காற்று

கொழும்புத்துறை இறங்குதுறையின் எதிர்ப்பக்கம் பூநகரி. அங்கே 234 மெகாவாற்றும் மன்னாரில் 250 மெகாவாற்றுமாகக் காற்றாலைகள் அமைக்க அதானி குழுமத்துக்கு வழங்கப்பட்டிருந்த திட்டம், யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை மீதான சர்ச்சையோடும், மன்னாரில் பறவைகளின் வலசைப் பாதை குறித்த எதிர்ப்போடும் இழுபட்டு, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியதோடு முடிந்தது. மன்னாரில் 103.5 மெகாவாற் 'தம்பபவனி' 2020 இறுதியிலிருந்தும் பளையில் சிறு காற்றாலைகள் அதற்கு முன்பிருந்தும் சுழல்கின்றன. ஆக, வட மாகாணம் முதன்முறையாக மின்கம்பியின் கடைசி முனை என்ற இடத்திலிருந்து மின் பிறக்கும் முனை என்ற இடத்துக்கு நகர்கிறது. பூநகரியில் எந்த நிறுவனம் வந்தாலும் அந்த மின் தெற்கே போவதற்கான கம்பிதான் பேச்சின் நடுவில் இருக்கிறது. கடனீரேரிக்கு இப்பால் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது பேச்சிலேயே இல்லை.

இதற்கிடையில் நாட்டின் சிக்கலே தலைகீழாகிவிட்டது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று ஏற்படுத்திய கோளாறால் தீவு முழுதும் இருண்டது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின் கூடுதல். அதிர்வைத் தாங்கும் பெரிய இயந்திரங்கள் போதிய அளவில் சுழலவில்லை. இரண்டு மாதம் கழித்து, புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. இரவு கேட்டுப் பகலில் தூங்கிய விளக்குக்காக ட்ராமைத் தேடிய 1899ஆம் ஆண்டுக் கம்பெனியின் சிக்கல் இது. பகலில் மின் வாங்க ஓர் ஆள் வேண்டும்.

கொழும்புத்துறைக் கரையில் அந்த ஆள் நிற்கிறார். போக்குவரத்துத் திட்டங்கள் கார், பஸ், முச்சக்கர வண்டி ஆகியவற்றை எண்ணுகின்றன, படகை எண்ணுவதில்லை. வடக்கின் சிறு படகுகளில் பூட்டிய வெளியிணைப்பு இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது அந்தப் படகுகள் கரையில் கிடந்தன. பெற்றோலுக்கு நின்ற நகரத்து வரிசைகளுக்குக் கிடைத்த கவனம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. 10 குதிரைவலு இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட, மின்னில் கணக்கிட்டால், ஏறத்தாழ 7.5 யூனிற் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் திட்டமிட்ட கலப்பு மின்தொகுதியின் பற்றரிக் கொள்ளளவு 2,400 யூனிற். ஓர் இறங்குதுறையின் சிறு படகுகள் யாவும் சேர்ந்தாலும் அந்த அளவுகோலுக்குள் அடங்கும்.

தடைகள் உண்டு. உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்கும். பற்றரியின் விலை ஒரு தொழிலாளியின் கைக்கு எட்டாது. ஆழ்கடலில் நாள்கணக்கில் நிற்கும் படகுக்கு இது இன்றைய நிலையில் உதவாது. கடனீரேரியில் நிலைமை வேறு. நீர் ஆழமற்றது, போகும் தூரம் சிறிது, சில இடங்களில் இன்னும் மரக்கோல் ஊன்றியே வள்ளம் செலுத்துகிறார்கள். மாலையில் வலை விட்டு விடியலில் எடுப்பவரின் படகு முற்பகலிலிருந்து பிற்பகல் வரை கரையில் கட்டிக் கிடக்கிறது. மின்சார சபை சூரிய மின்னை நிறுத்தச் சொன்ன மணித்தியாலங்களும் அவைதான். அந்த மணித்தியாலங்களுக்கு இறங்குதுறை மின்னேற்றத்துக்கென்று ஒரு கட்டண வகுப்பை எழுதுவதற்கு மின்சார சபையும் கடற்றொழில் திணைக்களமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2025இன் நேரவாரிக் கட்டண அட்டவணையில் பகல் என்பது காலை 5.30 முதல் மாலை 6.30 வரை நீளும் ஒரே துண்டாகக் கிடந்தது.