கலயமும் குழாயும்: நாஞ்சில் நாட்டில் வீட்டுக் கள்ளின் வரலாறு

அமெரிக்காவில் வசதியுள்ள பல வீடுகளின் நிலவறையில் ஒரு குடிமேசை இருக்கும். வீட்டுக்காரர் தானே காய்ச்சிப் புளிக்கவைத்த பீரை எஃகுப் பீப்பாயில் அடைத்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் மேலே தள்ளி, மேசைமேல் ஒரு குழாய் வைத்துத் திறந்து குடிக்கிறார். அங்கே அது பொழுதுபோக்கு. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. வயதுவந்த ஒருவர் மட்டும் இருக்கிற வீடானால் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக்கூடாது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான உரிமம் 1963லேயே நீக்கப்பட்டுவிட்டது.

வெளிநாட்டு மோகத்தால் இதைச் சொல்லவில்லை. அந்தச் சட்டங்கள் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கின்றன. தன் வீட்டுக்காக ஒருவர் செய்வது வேறு, விற்பதற்காகச் செய்வது வேறு என்று ஒப்புக்கொள்கின்றன. நம்முடைய மதுச் சொல்லாடலில் இந்தக் கோடு ஏன் இல்லை? மதுவிலக்கை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடை திறக்கணுமா, மூடணுமா, அவ்வளவுதான். வீடு எங்கே போயிற்று? கன்னியாகுமரி மாவட்டத்தின் பனையை வைத்து இதை யோசிக்கலாம்.

1

பனையேறிக்குத் தனியாகக் குழாய் வேண்டாம், பாளையே குழாய். கடிப்பால் பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, அடியில் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக ஊறும். காலையும் மாலையும் ஏறிச் சீவவேண்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுபோகும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பது. தடவாவிட்டால் கலயத்திலும் காற்றிலும் இருக்கிற நொதிகள் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும், இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒன்று. நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. சட்டமும் ஒழுக்கமும் சாதி மதிப்பும் இந்த ஒரு விரல் சுண்ணாம்பின்மேல்தான் நிற்கின்றன என்பது மிகையல்ல.

இன்னொரு பொருண்மையான விஷயமும் உண்டு. பார்லியைச் சேமித்து வைக்கலாம். பீரைப் பீப்பாயில் வாரக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம். கள் அப்படியில்லை. காலையில் இறக்கினது சாயங்காலம் கடுத்துவிடும், மறுநாள் காடியாகிவிடும். இறுக மூடவும் முடியாது, பொங்கித் தள்ளிவிடும். ஆகவே பனையேறியின் வீட்டுக்கு நிலவறை தேவைப்படவில்லை. கள் தூரம் போகாத, பதுக்கமுடியாத, அக்கம்பக்கத்துக் குடிதான். மூலதனத்துக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இந்தக் குணம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

2

கணக்குப்பிள்ளை எப்போது வந்தார்? மிகப் பழங்காலத்திலேயே. பின்னாளில் நாஞ்சில் நாட்டையும் தன்னுள் கொண்ட வேணாட்டின் அய்யனடிகள், கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், பள்ளிக்கு விடப்பட்ட ஈழவர் குடிகளுக்குச் சில வரிகள் தள்ளுபடியாகின்றன. ஏணிக்காணம், தளைக்காணம், குடநாழி என்ற பெயர்கள் அதில் வருகின்றன. பெயர்களே பேசுகின்றன: ஏறுகிற ஏணிக்கு ஒரு காணம், காலில் மாட்டுகிற தளைக்கு ஒரு காணம், குடத்துக்கு ஒரு நாழி. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடு, கொடையளித்த ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனை போடுகிறது.

இங்கே கவனிக்கவேண்டியது, வரி குடிக்கிறவர்மேல் விழவில்லை, கருவியின்மேலும் உடம்பின்மேலும் விழுகிறது. கெட்டுப்போகிற சரக்கைக் கிட்டங்கியில் அடைத்து வரிபோட முடியாது. எனவே அரசு மரத்தடிக்கே வந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரிலும் இதே கதைதான். பனையேறிகளிடம் வாங்கிய வரியும் ஊழியமும் பற்றிய குறை அய்யா வைகுண்டர் மரபின் அகிலத்திரட்டில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. கிழக்கே ஆங்கிலேயர் ஆட்சியில், 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ் மரத்துக்கு இவ்வளவு என்று மரவரி வந்தது. அப்காரிச் சட்டங்களின் வரையறையில் கள் என்பது புளித்த சாறு மட்டுமல்ல, புளிக்காத சாறும்தான். பாளையில் ஊறும்போதே அது அரசின் விவகாரம் ஆகிவிடுகிறது.

3

சுண்ணாம்புக்கு ஒழுக்க மதிப்பு ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1806இல் ரிங்கல்தௌபே வந்திறங்கியதிலிருந்து லண்டன் மிஷன் இப்பகுதியில் வேரூன்றியது. மிஷன் கள்ளைப் பாவத்தின் கணக்கில் சேர்த்தது. பின்னர் எழுந்த சாதிச் சீர்திருத்த இயக்கங்கள் அதை இழிவின் கணக்கில் சேர்த்தன. தோள்சீலைப் போராட்டத்தில் உடுப்பின் மானத்துக்காக நின்ற ஒரு சமூகம், தன்மேல் ஒட்டப்பட்ட ‘கள் இறக்குகிறவன்’ என்ற அடையாளத்தைக் கழற்றிப்போட விரும்பியது நியாயமே. அதை இன்று எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

ஆனால் இந்த மாற்றத்தின் கூலியை யார் கொடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும். கள்ளுக்கு அடுப்பு வேண்டாம். அக்கானியை அன்றைக்கே காய்ச்சியாகவேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பையும் மீறிக் கெட்டுப்போகும். காய்ச்சுவது பெண்கள். ஓலையும் மட்டையும் சுள்ளியும் பொறுக்கி, விடிலியின் புகைக்குள் மணிக்கணக்காகக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி எடுத்தால் கருப்பட்டி. ஆண் ஏறுகிற உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். கலயத்தில் சுண்ணாம்பு சேர்ந்ததும் கூடினது பெண்ணின் உழைப்பு. ‘குடியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய’ கதையாடலில் இந்த விறகுக்கட்டு இடம்பெறுவதில்லை. குடித்துவிட்டு வந்தவனிடம் அடிவாங்கினவளும் அவள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வீட்டுக் கள்ளைப் பொற்காலமாக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை.

4

1937 ஒரு விசித்திரமான வருஷம். அக்டோபர் 1இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதே 1937இல் திருவிதாங்கூர் அரசு பாரி கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி உருவான திருவிதாங்கூர் சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் கம்பெனியின் கைக்கு, நாகர்கோவிலில் இருந்த அரசு வடிசாலையும் போய்ச் சேர்ந்தது. லாபத்தில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒன்று தடுக்கிறது, மற்றது வடிக்கிறது. எதிரெதிராகத் தோன்றும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: குடி என்பதை வீட்டின் கையிலிருந்து பிடுங்குகின்றன. வடித்த சாராயம் கெடாது, புட்டியில் அடங்கும், முத்திரை குத்தலாம், லாரியில் ஏற்றலாம். கணக்குக்கு அடங்காத கள்ளைவிட அரசுக்கு அதுவே இசைவான சரக்கு.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அப்போது அம்மாநிலத்தில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. 1971இல் அது தளர்ந்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன; 1981இல் மறுபடி திறந்தன. இன்றைய கள் தடை 1987 ஜனவரி 1 முதல் கணக்கிடப்படுகிறது. இடையில், 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023–24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மூடினபோதும் திறந்தபோதும் பேச்சு கடையைப் பற்றியே இருந்தது. நிலவறைக் குழாயைப் போல இதுவும் ஒரு குழாய்தான். திருகு மட்டும் வீட்டுக்காரர் கையில் இல்லை.

5

களியக்காவிளை சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாருங்கள். மேற்கே கள்ளுக்கடை சட்டபூர்வமானது; கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969லேயே சேமநலநிதிச் சட்டம் வந்துவிட்டது. கிழக்கே அதே கலயத்துக்குக் கேசு. அங்கே தொழிலாளி, இங்கே குற்றவாளி. மரத்துக்கு இந்த எல்லை தெரியாது. ஆனால் கேரளமும் வீட்டை விடுவித்துவிடவில்லை. அங்கும் கள் உரிமக் கடைக்குரிய சரக்குதான்.

செ. நல்லசாமியின் கள் இயக்கம் பல ஆண்டுகளாகத் தடையை நீக்கச் சொல்லிவருகிறது. கள் உணவு, விவசாயிக்கு விலை கிடைக்கும் என்பது அதன் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் கள்ளைச் சந்தைச் சரக்காக மட்டும் விடுவித்தால் நாளைக்கு அதையும் பதப்படுத்திப் புட்டியில் அடைக்கப் பெருங்கம்பெனி வரும். பனையேறி அதற்குச் சாறு சப்ளை செய்கிற கூலி ஆவார்.

கள்ளச்சாராயத்தைக் காட்டி வீட்டுக் கலயத்தைப் பயமுறுத்துவதும் சரியல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனாலால். அது பாளையிலிருந்து ஊறினதல்ல, தொழிற்சாலை ரசாயனம்.

விற்பதற்கல்லாத, வீட்டளவான, இத்தனை மரம் என்று வரம்பு கட்டிய ஓர் உரிமையை ஏன் கேட்கக்கூடாது? கேட்கும்போது இரண்டு நிபந்தனைகள் வேண்டும். விழுந்தால் முதுகெலும்பு முறிகிற ஒரு தொழிலை ஏழைச் சாதிகளின் தலையெழுத்தாக அது திரும்பவும் எழுதிவிடக்கூடாது. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பதில், இதுவரை விறகு சுமந்த, அடி வாங்கிய பெண்களின் சொல்லே முதலில் கேட்கப்படவேண்டும். ஆயிரத்து நூற்றுச்சொச்சம் ஆண்டுகளாக ஏணியையும் தளையையும் குடத்தையும் எண்ணிக்கொண்டிருந்த அரசு, அடுப்படியில் இருப்பவளிடம் இன்னும் எதுவும் கேட்டதில்லை.