ஒப்புக்கொள்ளும் விளம்பரம்: அமெரிக்க விளம்பரக் கலையில் நேர்ந்த ஒரு மாற்றம்

நாள்தோறும் கண்ணில் படும் வியாபார விளம்பரங்களுள் மிகச் சிலவே மனத்தில் தங்குகின்றன. அவ்வாறு தங்குவதற்குச் சொற்சாமர்த்தியமே காரணம் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் இக்கலை வளர்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, வாசகர் ஒரு பொருளைப் பற்றி முன்னரே கொண்டுள்ள எண்ணத்தை மறுக்காது, அதன்மேலேயே தன் வாதத்தை எழுப்பிய விளம்பரமே நிலைபெற்றது என்பது புலனாகும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கட்டம் செய்தியை எடுத்துரைக்கும் கட்டம். ஷ்லிட்ஸ் என்னும் பீருக்கு விளம்பரம் எழுத முற்பட்ட கிளாட் ஹாப்கின்ஸ், மில்வாக்கி நகரத்து ஆலைக்குச் சென்று, வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறைகளில் பீர் குளிர்விக்கப்படுவதையும், புட்டிகள் பலமுறை கழுவப்படுவதையும் நேரிற்கண்டு வியந்து, இவற்றை ஏன் ஜனங்களுக்குச் சொல்லவில்லை என்று வினவியபோது, எல்லா ஆலைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றே ஆலைக்காரர் விடையிறுத்தனர். எல்லோரும் செய்வதை முதலிற் சொன்னவருக்கே அப்பெருமை உரித்தாயிற்று. 1961-இல் ராஸர் ரீவ்ஸ் என்னும் விளம்பர நிபுணர் வெளியிட்ட நூல், பிறர் கூறாத ஒரே நன்மையைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பக் கூறுவதைச் சாஸ்திரமாகவே வகுத்தது. எனினும், பொருள்கள் ஒன்றையொன்று ஒத்துப் பெருகி, ஒவ்வொன்றும் தன்னையே உயர்த்திப் பேசத் தொடங்கிய காலத்தில், புகழுரைகளின்மேல் ஜனங்களுக்கு அவநம்பிக்கை வளர்ந்தது.

இந்நிலையை மாற்றியவர்கள், வில்லியம் பெர்ன்பாக் முதலியோர் 1949-இல் நியூயார்க்கில் நிறுவிய டாயில் டேன் பெர்ன்பாக் என்னும் விளம்பர நிலையத்தார். நீண்டு அகன்ற கார்களையே அமெரிக்கர் விரும்பிய 1959-இல், ஜெர்மனியிலிருந்து வந்த வோக்ஸ்வாகன் என்னும் சிறிய வண்டியை விற்கும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. ஜூலியன் கேனிக் வாசகம் எழுத, ஹெல்மட் க்ரோன் பக்கத்தை அமைத்தார். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டு, ஒரு மூலையில் வண்டி மிகச் சிறிதாக நின்றது. சிறியதாகவே எண்ணிப் பாருங்கள் என்பது தலைப்பின் பொருள். அடுத்து வந்த விளம்பரமோ, பழுதுள்ள வண்டியை அந்நாட்டார் இகழும் 'லெமன்' என்னும் சொல்லையே தலைப்பாகக் கொண்டது. டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டியின் குரோமியப் பட்டையில் ஒரு மாசு தென்பட்டமையால் அவ்வண்டி தள்ளப்பட்டது என்றும், வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் 3,389 பேர் பரிசோதனை ஒன்றையே தொழிலாகக் கொண்டுள்ளனர் என்றும் கீழே விவரிக்கப்பட்டிருந்தது. தன் வண்டியைத் தானே பழிப்பதுபோல் தொடங்கி, அதன் பரிசோதனையின் கடுமையை நிலைநாட்டிய இவ்வமைப்பே அவ்விளம்பரத்தின் உயிர்.

1962-இல் அதே நிலையத்தார் ஏவிஸ் என்னும் வாடகைக் கார் நிறுவனத்துக்கும் இம்முறையையே கையாண்டனர். அத்தொழிலில் ஹெர்ட்ஸ் நிறுவனம் முதலிடம் வகித்ததை அனைவரும் அறிந்திருந்தனர். ஆகவே, தாம் இரண்டாமவரே என்று ஏவிஸ் ஒப்புக்கொண்டு, அதனாலேயே சாம்பற்கிண்ணத்தில் அழுக்கிருக்கவோ, பெட்ரோல் குறைந்த வண்டியைக் கொடுக்கவோ தமக்குக் கட்டாது என்றும், அதிகமாக உழைக்கிறோம் என்றும் கூறியது. 13 ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டப்பட்ட அந்நிறுவனம் இதன்பின் லாபம் கண்டது.

இவ்வனுபவங்களைத் தத்துவமாக்கியவர்கள் ஜாக் டிரௌட், ஆல் ரீஸ் என்னும் விளம்பரத் துறையினர் இருவர் ஆவர். 1969-இல் டிரௌட் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1972-இல் இருவரும் எழுதிய தொடரில் விரிந்து, 1981-இல் நூலாக வெளிவந்த அவர்கள் கொள்கை, வாங்குவோர் மனத்தில் ஒரு பொருள் பெறும் ஸ்தானமே வியாபாரத்தை நிர்ணயிக்கிறது என்பது. பின்னொரு காலத்தில் முதலிடத்துக்கு வரப்போவதாக ஏவிஸ் விளம்பரம் செய்து தோற்றதையும் அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நிறுவனமும் தொழிலும் மாறவில்லை. வாசகரின் எண்ணத்தோடு ஒத்திருந்த வாசகம் மட்டுமே அதற்கு முரணாக மாறிற்று.

ஆதலின், விளம்பரம் எழுதுவோர் பொருளின் குணங்களை ஆராயுமளவுக்கு, அதைப் பற்றி ஜனங்கள் கொண்டுள்ள அபிப்பிராயத்தையும் ஆராய்தல் வேண்டும். அதற்கு மாறாக எழுதப்பட்டது எத்துணைச் சாமர்த்தியமுடையதாயினும் நிலைப்பதில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவு.